கடல் நின்ற இடம்

கொடி நனையவில்லை.

ரகுநாதன் மோட்டாரை நிறுத்தினான். அட்டையில் வெட்டிய கடிகாரத்தின் முள்ளை மறுபடி ஏழுக்குத் திருப்பினான். தண்ணீரை மறுபடி மேலே கொண்டுவந்தான். குண்டூசியில் சிவப்புக் காகிதம் ஒட்டிய சின்னக் கொடியை அலை விளிம்பில் நட்டான். மோட்டாரைப் போட்டான். முள் எட்டு, ஒன்பது, பத்து என்று நகர, தண்ணீர் பின்வாங்கிக்கொண்டே போனது. பதினொன்றில் கடல் கொடியை விட்டு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. மாடலில் ஒரு முழம் என்றால் நிஜத்தில் நூறு கஜத்துக்கு மேல்.

"எங்கேயாவது ஓட்டையா?" என்று பிரெஞ்சில் கேட்டார் மதாம் லவலே.

"ஓட்டை இல்லை மதாம். டேப்பை இன்னொரு தடவை போடுங்கள்."

1972 ஆகஸ்ட் பதினாறு, புதன்கிழமை, மாலை ஐந்தரை. இடம், மாண்ட்ரியாலின் வில்லரே பகுதியில் மதாம் லவலேயின் வீட்டுக் கீழ்த்தளம். இரண்டே அறை. ஒரு காலத்தில் அவர் கணவரின் செருப்புக் கடை. கணவர் போன பிறகு மதாம் அதை அருங்காட்சியகமாக்கிவிட்டார். சுவரில் ஹெல்மெட்டுகள். கண்ணாடிப் பெட்டிகளில் பதக்கங்கள், கடிதங்கள், துருப்பிடித்த தண்ணீர்க் குப்பி. நடுவில் எட்டடி நீளத்துக்கு, பிரான்ஸ் தேசத்துத் தியெப் கடற்கரையின் ஒரு பகுதி. பிளாஸ்டர், கோழிவலை, மீன் தொட்டி மோட்டார் ஆகியவற்றால் ரகுநாதன் செய்தது. அணைகளும் துறைமுகங்களும் கட்டுகிற கம்பெனி ஒன்றில் அவன் நீரியல் இன்ஜினீயர். இது அவனுக்கு இரண்டு மாதத்து மாலை நேர வேலை, சம்பளமில்லாமல்.

சரியாக முப்பது வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, மாண்ட்ரியாலிலிருந்து போன பட்டாளம் ஒன்று அந்தக் கரையில் காலை ஏழு மணி வாக்கில் இறங்கியது. பிற்பகல் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறங்கியவர்களில் ஒருவன் மதாமின் ஒரே பிள்ளை லூசியன், வயது இருபத்திரண்டு. உடல் அடையாளம் காணப்படவில்லை. அடிபட்டு நகர முடியாமல் கிடந்த சிலரை, பிற்பகலில் ஏறி வந்த கடல் மூழ்கடித்தது என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தார்கள். அன்று முதல் மதாமுக்கு ஒரே கேள்விதான். என் பிள்ளையைக் கடல் உயிரோடு கொண்டுபோனதா?

1969-ல் பதில் கிடைத்தது. பதில் சொன்னவர் மயிலாப்பூர் ஜம்புநாதன்.

ஜம்புநாதன் மாண்ட்ரியாலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்ட். வயது ஐம்பத்தொன்று. மனிதருக்கு ஒரு பைத்தியம் உண்டு. யுத்தம் நடந்த கடற்கரைகள். லீவு கிடைத்தால் மற்றவர்கள் மெட்ராஸ் போவார்கள். இவர் நார்மண்டி போவார். திரும்பி வந்ததும் தெரிந்த தமிழ்க் குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்து ஸ்லைடு காட்டுவார். பதுங்குகுழி, பக்கத்தில் ஜம்புநாதன். பீரங்கி, பக்கத்தில் ஜம்புநாதன். மியூசியம் வாசல், அங்கேயும் ஜம்புநாதன். "மாமி, மாமா இல்லாத யுத்தம் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று அவர் மனைவி சரளாவை எல்லோரும் கேலி செய்வது வழக்கம்.

ரகுநாதனை மதாமிடம் அழைத்து வந்தவரும் அவர்தான். மாடலுக்குத் தண்ணீர் புகாத பெயிண்ட் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவர் மதாமுக்காக டேப்பில் என்ன பேசியிருக்கிறார் என்பதை ரகுநாதன் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டான்.

டேப் சுழன்றது. மயிலாப்பூர் வாசனை வீசும் பிரெஞ்சு.

"நான் ஒரு பிரிட்டிஷ் படகில் வயர்லெஸ் ஆபரேட்டர். படகு உடைந்தது. கரையில் தண்ணீர் விளிம்பில் ஒரு பையன் அடிபட்டுக் கிடந்தான். பெயர் கேட்டேன். லூசியன் என்றான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை நாங்கள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அலை எங்கள் கால்களை நனைத்துக்கொண்டே இருந்தது. கடைசிப் படகு வருவதற்குச் சற்று முன்பு அவன் கண்ணை மூடினான். வலி இல்லை. பயம் இல்லை."

மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடுகள் டேப்போடு சேர்ந்து அசைந்தன. மனப்பாடம்.

டேப்பில் லூசியன் கிடந்ததாகச் சொன்ன இடத்தில் நட்ட கொடியை ரகுநாதன் பார்த்தான். காய்ந்த பிளாஸ்டரில் தனியாக நின்றது.

ஆறு மணி நேரம் அலை காலை நனைத்ததாம். எந்த ஊர்க் கடல்?

தெரிந்துவிட்டது. மெரினா!

மெட்ராஸ்காரனுக்குக் கடல் என்பது இருந்த இடத்தில் இருக்கிற சமாச்சாரம். காலையில் கால் நனைத்த இடத்திலேயே சாயங்காலமும் நனைத்துக்கொள்ளலாம். ஏற்றமும் இறக்கமும் அங்கேயும் உண்டுதான். ஆனால் இரண்டு மூன்று அடிக்குள் முடிந்துவிடும். சுண்டல் வாங்குகிறவன் கண்ணில் படாது. தியெப்பில் அப்படியில்லை. அங்கே கடல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாடி உயரத்துக்கு இறங்கும், ஏறும். பெரிய நாட்களில் இரண்டு மாடி. ரகுநாதனே வந்த புதிதில் இந்த நாட்டின் கிழக்குக் கரையில் சர்வே கருவியை மணலில் நட்டுவிட்டுச் சாப்பிடப் போய், திரும்பி வந்தபோது அது கழுத்தளவு தண்ணீரில் நிற்பதைப் பார்த்தவன்.

டூரிஸ்ட் பஸ்ஸில் போய் இரண்டு மணி நேரம் பார்த்தவனுக்கு இது தெரியாது. அந்தக் கரையில் ஆறு மணி நேரம் கிடந்தவனுக்குச் சாகிறவரை மறக்காது.

அப்படிக் கிடந்தவர்கள் முப்பது பேர் சனிக்கிழமை மூன்று மணிக்கு இங்கே வருகிறார்கள். திறப்பு விழா. மாடல் ஓடும்போது டேப்பும் ஓடும்.

"சனிக்கிழமை எல்லோரும் கேட்கட்டும்," என்றார் மதாம். "என் பிள்ளை தனியாகச் சாகவில்லை என்று."

ரகுநாதன் மோட்டாரின் வயரைப் பிடுங்கினான். "மோட்டாரில் சின்னக் கோளாறு மதாம். வெள்ளிக்கிழமை வருகிறேன்," என்றான்.

மறுநாள் சாயங்காலம், புவாண்ட்-கிளேர். கதவைத் திறந்தவள் சரளா.

"வாங்கோ ரகு. அவர் பேஸ்மெண்ட்ல நார்மண்டியை அடுக்கிண்டிருக்கார். காபி அங்கயே அனுப்பட்டுமா, இல்ல யுத்தம் முடிஞ்சு மேல வருவேளா?"

"நீங்களும் கீழ வாங்கோ மாமி."

சரளா அவன் முகத்தைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

ஜம்புநாதன் ஸ்லைடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாரும் ஓய்! கடல் எப்படி இருக்கு? பெயிண்ட் உரியலையே?"

"பெயிண்ட் உரியல. ஜம்பு சார், தியெப்ல கடல் எங்க இருக்கும்?"

"இதென்னய்யா கேள்வி? கரைக்குப் பக்கத்துல."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். ராத்திரி எழுந்து பாரிசுக்கா போகும்?"

"பதினோரு மணிக்கு நூறு கஜம் தள்ளிப் போயிடும் சார். அங்க ஓதம், அதான் கடலோட ஏத்த இறக்கம், அப்படி. நீங்க ஏழு மணிக்கு உக்காந்த இடத்துலயே ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தா, எட்டு மணிக்கே உங்க காலடி கூழாங்கல் காஞ்சு போயிருக்கணும்."

ஜம்புநாதன் ஸ்லைடை மெல்லப் பெட்டியில் வைத்தார்.

"யார் உக்காந்தா? எங்க உக்காந்தா?" என்றாள் சரளா.

"மாமி, நாற்பத்திரண்டு ஆகஸ்ட்ல சார் எங்க இருந்தார்?"

"இதுல என்ன சந்தேகம்? கும்பகோணத்துல. ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு அந்த ஏப்ரல்ல மெட்ராஸே காலியாச்சே. இவர் அத்தையோட தையல் மிஷினைத் தலையில தூக்கிண்டு எழும்பூர்ல ரயில் ஏறினவர். எங்காத்துல கல்யாணம் பேசறச்சே அவா அத்தையே சொன்னா. 'பிள்ளையாண்டான் ரொம்பப் பொறுப்பு, மிஷின்ல ஒரு கீறல் படல'ன்னு."

"போதும்டி," என்றார் ஜம்புநாதன்.

ரகுநாதன் டேப்பில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னான். சரளா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தோறும் அந்த அம்மாவாத்துல நாற்காலி ரிப்பேர் பண்றேன்னேளே?"

"நாற்காலியும் பண்ணினேன்."

"ஏன் சார்?" என்றான் ரகுநாதன்.

ஜம்புநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அறுபத்தொன்பதுல தியெப் போனேன். அங்க இருக்கற யுத்த மியூசியத்தைப் பாத்துட்டுக் கரைக்கு வந்தா, இந்த அம்மா நின்னுண்டிருந்தா. பேச்சுக் கொடுத்தேன். அவளும் மாண்ட்ரியால்தான்னா. அவளுக்கு ஒரே ஆச்சரியம், இந்தியாக்காரன் எதுக்கு இங்க வரான்னு. 'நீங்கள் அப்போது இங்கே இல்லையே?'ன்னு கேட்டா. நான் 'வீ, மதாம்'னேன்."

"வீன்னா?" என்றாள் சரளா.

"ஆமாம்னு அர்த்தம். நம்ம வழக்கத்துல சொன்னேன் ஓய்! நீங்க இல்லையேன்னு கேட்டா, ஆமாம், இல்லைன்னுதானே நாம சொல்லுவோம்? அவா காதுல அது வேற மாதிரி விழுந்துது. ஆமாம், இருந்தேன்னு. ரெண்டு கையையும் பிடிச்சுண்டு அழ ஆரம்பிச்சுட்டா. அழறவகிட்ட இலக்கணம் பேச முடியுமா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றான் ரகுநாதன்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பர்ஸ்லேர்ந்து போட்டோவை எடுத்து, 'இவனைப் பார்த்தீர்களா?'ன்னா. அந்த முகத்தைப் பாத்துட்டு இல்லைன்னு நீர் சொல்லியிருப்பீரா? அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒவ்வொரு கேள்வி. தண்ணி கேட்டானா, அம்மான்னானா... நானும் சேத்துண்டே போனேன். அவ இப்ப ராத்திரி தூங்கறா ரகு. நான் வரதுக்கு முன்னாடி தூங்கினதில்ல."

ஜம்புநாதன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணுவோம். டேப் ரிப்பேர்னு சொல்லிடும்."

"அவாகிட்ட இன்னொரு பிரதி இருக்கு."

"கொடியைக் கொஞ்சம் கீழ நட்டுடும். பதினோரு மணிக்குத் தண்ணி எங்க இருக்கோ அங்க."

"அங்க நட்டா ஏழு மணிக்கு ரெண்டு பேரும் கடலுக்கு அடியில இருப்பேள்."

"மோட்டாரே ஓட வேண்டாமே! கடல் சும்மா நிக்கட்டும்!"

"முப்பது பேர் சார். அதே கரையில கிடந்தவா. மோட்டார் எதுக்கு? டேப் போதும். அலை நனைச்சுதுங்கறப்பவே கண்டுபிடிச்சுடுவா."

சரளா எழுந்தாள். "அவா முப்பது பேர் நடுவுல அந்த அம்மாவுக்கு இது தெரியணுமா? இல்ல, நீங்க தனியாப் போய்ச் சொல்லித் தெரியணுமா? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஜம்புநாதன் ஸ்லைடுப் பெட்டியை மூடினார்.

"நாளைக்கு நாலு மணிக்கு ரகு வந்து அழைச்சுண்டு போவார்," என்றாள் சரளா. "ரகு, காபி மேல இருக்கு."

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு மூவரும் மாடலைச் சுற்றி நின்றிருந்தார்கள். மூன்றாவது ஆள் மதாம், சரளா வரவில்லை. மறுநாளைக்காக மடக்கு நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

ஜம்புநாதன் உட்கார மறுத்தார். நின்றபடியே பிரெஞ்சில் சொன்னார். படகு இல்லை. வயர்லெஸ் இல்லை. லூசியனைப் பார்த்ததில்லை. அந்தக் கரையை முதல் தடவை பார்த்ததே மதாமைப் பார்த்த அன்றுதான். "வீ" சமாச்சாரத்தையும் சொன்னார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டார். அந்த வாக்கியத்தில் மட்டும் இலக்கணம் தப்பியது.

மதாம் அழவில்லை. கத்தவும் இல்லை.

"அவன் அம்மா என்று கூப்பிட்டது?"

"நான் சொன்னது, மதாம்."

"தண்ணீர் கேட்டது?"

"அதுவும்."

"அப்படியானால் அவனோடு யார் இருந்தார்கள்?"

"எனக்குத் தெரியாது."

மதாம் டேப் ரெக்கார்டரிடம் போனார். சுருளைக் கழற்றினார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். இழுப்பறை திறந்து மூடும் சத்தம். வந்தபோது கையில் ஒரு பழைய கடிதம்.

"கைதியாகப் பிடிபட்டு, யுத்தம் முடிந்து திரும்பிய ஒருவன் எழுதியது. 1945-ல். இப்போது அவனும் இல்லை." ஜம்புநாதனைப் பார்க்காமல் பேசினார். "இதில் வேறு இடம் எழுதியிருக்கிறது. உங்கள் கதை இதைவிட நன்றாக இருந்தது. அதனால் இதை உள்ளே வைத்துவிட்டேன்."

ரகுநாதனிடம் நீட்டினார். அவன் படித்தான். எட்டே வரி. கரையோரத் தடுப்புச் சுவருக்குக் கீழே இரண்டு வரிசை முள்வேலி இருந்தது. லூசியன் முதல் வேலியைத் தாண்டிவிட்டான். இரண்டாவதை அடைவதற்கு முன் விழுந்தான். என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"உங்கள் மாடலில் முள்வேலி இருக்கிறதா?" என்றார் மதாம்.

"இருக்கிறது." படங்களைப் பார்த்து, மெல்லிய செம்புக் கம்பியில் செய்து, சுவருக்குக் கீழே இரண்டு வரிசையாக ஒட்டியிருந்தான்.

"கொடியை அங்கே வையுங்கள்."

அலை விளிம்பிலிருந்து கொடியைப் பிடுங்கி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் நட்டான். பழைய இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை மிஞ்சியது.

"கடல் திரும்பி வந்தது எப்போது?"

"பதினொரு மணிக்கு மேல் ஏற ஆரம்பித்திருக்கும். மாலை ஐந்தரை வாக்கில் உச்சம்."

"ஓட்டுங்கள். உச்சம் வரைக்கும்."

ரகுநாதன் தயங்கினான். இதுவரை அவன் மாடலைப் பகல் ஒரு மணி வரைதான் ஓட்டியிருந்தான். யுத்தம் அதோடு முடிந்துவிட்டதால் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பிற்பகல் கடல் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கே நிச்சயமில்லை. கொடியைத் தாண்டிவிட்டால்? முப்பது வருஷத்துப் பயம் இந்த அறையில், இவர் கண்ணெதிரில், அவன் செய்த தண்ணீரிலேயே நிஜமாகிவிடும்.

"முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறேனே மதாம்."

"ஓட்டுங்கள்."

பையிலிருந்து ஓத அட்டவணையை எடுத்தான். பிரான்சிலிருந்து வரவழைத்தது. அந்தத் தேதிக்கு எதிரே பாதி வட்டம் அச்சாகியிருந்தது.

"அமாவாசை, பௌர்ணமி என்றால் கடல் ரொம்ப ஏறும்," என்றான். "அன்று பாதி நிலா."

"வளர்பிறை அஷ்டமி," என்று ஜம்புநாதன் தமிழில் முணுமுணுத்தார்.

"என்ன சொல்கிறார்?"

"பாதி நிலா நாளுக்கு எங்கள் பெயர். அன்று நாங்கள் எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்க மாட்டோம்."

"அவர்கள் ஆரம்பித்தார்கள்," என்றார் மதாம்.

மோட்டார் ஓடியது. முள் பன்னிரண்டைத் தாண்டியது. தண்ணீர் கரையை நோக்கித் திரும்பியது. இரண்டு மணி. ஊசித் துளையிருந்த இடத்தை நெருங்கியது. மூன்றரை. துளை மறைந்தது. நான்கு. மதாம் குனிந்தார். கன்னம் ஏறக்குறைய தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. நாலரை. தண்ணீர் வேகம் குறைந்து முதல் கம்பியை நோக்கி ஏறியது. ரகுநாதன் அட்டவணையிலிருந்த உயரத்தை அளவுகோலில் சரிபார்த்துக்கொண்டே வால்வைத் திருகினான். நியாயமாக எவ்வளவு ஏறவேண்டுமோ அவ்வளவு. குறைக்கக் கை துறுதுறுத்தது. குறைக்கவில்லை. ஐந்து. ஐந்தேகால்.

ஐந்தரை.

தண்ணீர் நின்றது. முதல் கம்பிக்கு இரண்டு விரற்கடை கீழே.

மதாம் தம் சுட்டு விரலையும் நடு விரலையும் சேர்த்து அந்த இடைவெளியில் வைத்தார். விரல்கள் சரியாகப் பொருந்தின. அதற்கு மேலே கம்பி. கம்பிக்கு மேலே கொடி.

"இது நிஜத்தில் எவ்வளவு?"

"இருபத்தைந்து அடி இருக்கும். அதற்கு அப்புறம்தான் வேலி. அவர் வேலியையும் தாண்டி இருந்தார்."

"காற்று, அலை?"

"அன்று கடல் அமைதி என்றுதான் எல்லாப் பதிவிலும் இருக்கிறது."

"அப்படியானால் கடல் அவனைத் தொடவில்லை."

"கடிதத்தில் இருக்கும் இடம் சரியென்றால், தொடவில்லை."

"தனியாக இருந்தானா?"

"அது எனக்குத் தெரியாது மதாம். என்னால் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும்."

மதாம் நிமிர்ந்தார். விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். மேஜையிலிருந்த சுருளை எடுத்து ஜம்புநாதனிடம் கொடுத்தார்.

"இது உங்களுடையது. நாளைக்கு வராதீர்கள்."

"ஞாயிற்றுக்கிழமை..."

"ஞாயிற்றுக்கிழமையும்."

ஜம்புநாதன் தலையாட்டினார். சுருளைச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார்; நுழையவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாக, அவர் ரகுநாதனின் கார்ப் பக்கம் போகாமல் ஜாரி மெட்ரோ ஸ்டேஷனை நோக்கி நடப்பது தெரிந்தது.

ரகுநாதன் சாவியை எடுத்தான். அவரைப் பின்தொடர்ந்து போய் ஏற்றிக்கொள்வதா என்று யோசித்தான்.

"நாளைக்கு அவர்கள் முன்னால் இதை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்," என்றார் மதாம். "ஐந்தரை வரைக்கும். ஒரு மணியோடு நிறுத்தக் கூடாது."

"சரி."

"டேப் வேண்டாம். கடிதத்தை நான் படிக்கிறேன்."

"சரி மதாம்."

அவர் மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்து விரித்து, மாடலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை ஓட்டுங்கள். காலையிலிருந்து."

ரகுநாதன் சாவியைப் பையில் போட்டான். முள்ளை ஏழுக்குத் திருப்பினான். அன்று அவர் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். மூன்று தடவையும் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.